ஐந்தாம் வகுப்பு பி பிரிவின் மேகம்

திங்கட்கிழமை ஒரு பாடம், வெள்ளிக்கிழமை அந்தப் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட், சனிக்கிழமை அந்த ப்ராஜெக்டை வைக்க இடமில்லாமல் மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை அடுத்த ப்ராஜெக்டுக்குத் தெர்மாகோல் தேடிக் கடை கடையாக அலைவது என்று வாரம் வாரமாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் உப்பளத்து ஊரில், எங்கள் பிள்ளைகள் படிக்கிற மெட்ரிக்குலேஷன் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு பி பிரிவில், நீர்ச் சுழற்சி பாடம் நடந்த வாரத்து வெள்ளிக்கிழமை, என் மகள் ஜோவிட்டா பிரியாணி டப்பாவில் செய்துகொண்டு போன கடலிலிருந்து ஒரு மேகம் கிளம்பி மேலே போய் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றது.

அனுசுயா மிஸ் மேகத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பத்துக்கு ஏழு போட்டார். தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடாததற்கு ஒரு மார்க் போனது, சுற்றிலும் பார்டர் இல்லாததற்கு ஒன்று போனது, நீலத்தில் போட வேண்டிய அம்புக்குறியைப் பச்சையில் போட்டதற்கு ஒன்று போனது.

மேகம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் அது பிழிந்துவிட்டு உதறாமல் காயப்போட்ட தலையணை உறை அளவுதான் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து, கணக்கு வகுப்பு ஆரம்பித்து, மிஸ் போர்டில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதி முடித்ததும் அது மழை பெய்தது. நல்ல தண்ணீர், எங்கள் ஊர்க் குழாயில் என்றைக்கும் வராத, நாக்கில் இனிக்கிற தண்ணீர். பிள்ளைகள் நாக்கை நீட்டினார்கள். நாக்கை நீட்டியவர்கள் பெயரை எல்லாம் கிளாஸ் லீடர் போர்டு ஓரத்தில் எழுதினான். பெய்து முடித்ததும் பேச்சியம்மா ஆயா வந்து தென்னை விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வாசலுக்கு வெளியே சாக்கடையில் விட்டுவிட்டு, "இதுக்கு வேற தனியா ஒரு ஆளு வைங்க, எனக்கு முட்டு வலி தாங்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் பள்ளியில் ப்ராஜெக்ட் செய்வது பிள்ளைகள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற டப்பாக்களிலிருந்து ஏன் ஒன்றும் கிளம்பவில்லை என்று கேட்பீர்கள். ப்ராஜெக்ட் செய்வது அம்மாக்கள். ஃபெவிகால் பட்டு விரல் ரேகை அழிந்த அம்மாக்கள், பசை துப்பாக்கியில் சூடு வாங்கிய அம்மாக்கள், கரண்டு சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் அப்பாக்கள். முடியாதவர்களுக்குப் பள்ளிக்கு எதிரே ஸ்டேஷனரி கடை அண்ணாச்சி ரெடிமேடாகவே சூரியக் குடும்பமும் இதயமும் செய்து தொங்கவிட்டிருப்பார். மிஸ்ஸுக்கும் இது தெரியும். "மம்மிகிட்ட சொல்லி நீட்டா செஞ்சுட்டு வாங்க" என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வார். அந்த வாரம் மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்ததில் ஒன்றில் மோட்டார் வைத்து அருவி ஓடியது, ஒன்றில் மலை உச்சியில் எல்.இ.டி. சூரியன் எரிந்தது. என் வீட்டில் சின்னவனுக்கு வாந்தியும் பேதியுமாகி நான் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் வீட்டுக்காரர் ரெக்ஸனுக்கு உப்பளத்தில் லோடு ஏற்றுகிற டூட்டி. ஜோவி தானாகவே செய்தாள். பிரியாணி டப்பாவைக் கழுவி, அதில் தண்ணீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, பக்கத்தில் கொஞ்சம் களிமண்ணைக் குவித்து மலை என்று எழுதி வைத்து.

"கடல் கொஞ்சமா இருந்துச்சு மம்மி" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அழுதேன்லா, சரியாப் போச்சு."

ஏனென்றால் ஜோவி அழுகிற பிள்ளை. பென்சில் முனை உடைந்தால் அழுவாள், பக்கத்துப் பிள்ளை பென்சில் உடைந்தாலும் அழுவாள், கணக்கு வந்தாலும் வராவிட்டாலும் அழுவாள். பள்ளி டைரியில் வாரத்துக்கு ஒரு தடவையாவது, 'உங்கள் பிள்ளை வகுப்பில் அழுகிறாள், கவனிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி வரும். என்னத்தைக் கவனிக்க? கவனித்துக் கவனித்து எனக்கே அழுகை வரும்.

சரி, மேகம் வந்தது. ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? வாயைப் பிளந்திருக்க வேண்டாமா? முழங்கால் போட்டிருக்க வேண்டாமா? குறைந்தபட்சம் ஒரு நாள் லீவாவது விட்டிருக்க வேண்டாமா? திங்கட்கிழமை காலையில் சுற்றறிக்கை வந்தது. பி பிரிவுப் பிள்ளைகள் குடை கொண்டுவர வேண்டும், கறுப்புக் குடை மட்டும், பூப்போட்ட குடைக்கு அனுமதி இல்லை. அன்று சாயங்காலமே அண்ணாச்சி கடையில் பள்ளி முத்திரை பதித்த கறுப்புக் குடையும், நோட்டு நனையாமல் இருக்க மேகக் கவர் என்று ஒரு பிளாஸ்டிக் உறையும் தொங்கின. "சின்ன சைஸா பெரிய சைஸா மேடம்?" என்று அண்ணாச்சி கேட்டபோது, அவர் ஏதோ தலைமுறை தலைமுறையாக மேகக் கவர் விற்றுக்கொண்டிருப்பவர் போலத்தான் இருந்தது.

அம்மாக்கள் குழுவில் அன்றைக்கு முழுக்க ஃபோன் துடித்துக்கொண்டே இருந்தது. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களுக்கு நடுவே, நிதர்ஷன் மம்மி எழுதினாள், மேகம் ஜன்னல் பக்க வரிசைக்கு மட்டும்தான் பெய்கிறது, சுவர்ப் பக்க வரிசைப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள், வாரா வாரம் இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும் என்று. இன்னொருத்தி, என் பிள்ளைக்குச் சளி, அவனுக்கு மட்டும் மேகத்திலிருந்து விலக்கு கிடைக்குமா என்று கேட்டாள். ஏ பிரிவு அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்து பள்ளி அலுவலகத்தில் போய் நின்று, பி பிரிவுக்கு மட்டும் மேகம் என்றால் அது பாரபட்சம் இல்லையா என்று கேட்டார்கள். கேட்டதன் பேரில் புதன்கிழமை விளையாட்டு வகுப்பை எடுத்துவிட்டு மேக வகுப்பு போட்டார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு வரிசையாக வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, வரிசையாகப் போனார்கள்.

பிறகு உப்பளத்துக்காரர்கள் வந்தார்கள். உப்பு விளைகிற மாதங்களில் எங்கள் ஊரில் மழையை யாரும் விரும்புவதில்லை. மற்ற ஊரில் வானம் கறுத்தால் கும்பிடுவார்கள், இங்கே கறுத்தால் ஏசுவார்கள். ஒரு மழை விழுந்தால் பாத்தி பாத்தியாக விளைந்து நிற்கிற வெள்ளை எல்லாம் ஒரு ராத்திரியில் கரைந்து தண்ணீராகிவிடும். எங்கள் பள்ளித் தாளாளர் சுயம்புராஜன் சாருக்கே பெரிய உப்பளம் இருக்கிறது, அதில்தான் ரெக்ஸனுக்கு வேலை. அவரோடு இன்னும் சில முதலாளிமார் வந்து, நாடா வைத்து மேகத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, தங்களுக்குள் குனிந்து பேசி, ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஆணி அடிக்கச் சொன்னார்கள். கதவுக்குத் தடித்த பிளாஸ்டிக் திரை போட்டார்கள். "அது உள்ளயே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் ஒண்ணும் தொந்தரவு இல்ல. வெளிய மட்டும் விட்டுறப்புடாது" என்று தாளாளர் சொன்னார்.

அவ்வளவுதான். ஊர் அதை விழுங்கிவிட்டது. எலும்பு முள் ஒன்றும் தொண்டையில் நிற்கவில்லை.

ஜோவி அழுவதை நிறுத்தியிருந்தாள். டைரியில் முதல் முறையாகப் பச்சை மையில், 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டி வந்தது. ரெக்ஸன் அதை ஃபோட்டோ எடுத்து அவர் அக்காவுக்கெல்லாம் அனுப்பினார். நான் மட்டும் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். பென்சில் உடைந்தது, அவள் அழவில்லை. கையில் கதவு இடித்தது, அழவில்லை. கண்ணைச் சுருக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள், அழுகைக்கு உரிய எல்லாவற்றையும் முகம் செய்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை.

பிறகு வியர்வையும் நின்றது. ஆடி மாதக் காற்றில் ஊரே பிசுபிசுத்துக்கொண்டிருக்க, அவள் சட்டை மட்டும் போட்டபடியே மடிப்புக் கலையாமல் வந்தது. உதடு வெடித்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், குடித்தது எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு நாள் காலையில் அவள் தலையணையில் வெள்ளையாக என்னவோ கிடந்தது.

"ஏட்டி, பவுடர இப்பிடியா அப்பிட்டுப் படுப்ப?" என்று ஏசிக்கொண்டே தட்டினேன். விரலில் நெறுநெறுவென்று பட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

ரெக்ஸனிடம் காட்டினேன்.

"அளத்துல நிக்குத ஆளு எல்லாருக்கும்தான் தோல்ல உப்பு பூக்கும்" என்றார். "அவ என் மவ. பூக்கத்தான செய்யும்?"

"அவ அளத்துலயா நிக்கா? ஸ்கூலுக்குப் போயிட்டு வாரா."

"பெனி, சும்மா எதையாவது கெளப்பாத. பிள்ள இப்பத்தான் ஒழுங்கா இருக்கா."

டாக்டர் கண் இமையை விலக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சிரித்தார். "கொஞ்சம் நீர்ச்சத்து கம்மி, அவ்வளவுதான். உப்பு சர்க்கரைத் தண்ணி கலந்து குடுங்க" என்றார். டாக்டர், என் பிள்ளையிடம் உப்புக்கு என்ன குறைச்சல், அதைத்தானே நான் தினமும் போர்வையிலிருந்து உதறிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன். வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ரெக்ஸன் என்னைப் பைக்கில் கூட்டிப்போய் உப்பளம் காட்டியது அன்றைக்கு முழுக்க நினைவில் வந்துகொண்டிருந்தது. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டுவார்கள். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கும், சத்தமே இல்லாமல் எடுக்கும், பார்த்துக்கொண்டே நின்றாலும் எடுப்பது தெரியாது. கடைசியில் தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் கிடக்கும். அப்புறம் பலகை போட்டு வாரி அம்பாரம் குவித்து, மேலே ஓலை போட்டு மூடிவிடுவார்கள். என்ன அழகு என்று நான் அன்றைக்குச் சொன்னேன்.

மேகம் பெரிதாகிக்கொண்டே போனது. தலையணை உறையாக இருந்தது போர்வை ஆனது, போர்வையாக இருந்தது பந்தல் ஆனது, பி பிரிவில் பகலிலும் லைட் போட்டுத்தான் பாடம் நடந்தது. கணக்கு வகுப்பில் அது பெய்யும், ஆயா தள்ளுவாள், சாக்கடை குடிக்கும், மறுநாள் அது இன்னும் பெரிதாக நிற்கும், என் மகள் இன்னும் கொஞ்சம் லேசாக வீட்டுக்கு வருவாள். பையை முதுகிலிருந்து எடுத்தால் காகிதம் மாதிரி ஆடினாள். கட்டிப் பிடித்துவிட்டு விலகினால் என் சேலையில் வெள்ளையாக அவள் உருவம் ஒட்டியிருந்தது.

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் ஜெனவீவ் இந்தப் பாடத்தைக் கை ஆட்டி ஆட்டித்தான் ஒப்பிக்கச் சொல்வார். உள்ளங்கையை மேலே தூக்கு, ஆவியாதல். விரல்களை மடக்கிச் சேர், மேகமாதல். விரல்களை உதிர்த்துக்கொண்டே கீழே இறக்கு, மழையாதல். பிறகு குனிந்து தரையைத் தொடு, தொட்ட கையைக் கொண்டுவந்து நெஞ்சில் வை, திரும்பிச் சேர்தல். நெஞ்சில் எதற்கு வைக்க வேண்டும் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை, சிஸ்டர் கையில் மர ஸ்கேல் இருக்கும். ஆனால் கை இன்னும் மறக்கவில்லை. சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கஞ்சியின் ஆவி மேலே போவதைப் பார்த்து, என்னை அறியாமல் கையைத் தூக்கி, மடக்கி, உதிர்த்து, குனிந்து தரையைத் தொட்டேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"ஜோவி, இங்க வா. நீர்ச் சுழற்சி ஒப்பி."

காய்ந்த குரலில் ஒப்பித்தாள். "ஆவியாதல். மேகமாதல். மழையாதல்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மம்மி."

"நாலாவது எங்க?"

"அது போர்ஷன்ல இல்ல. டெஸ்ட்டுக்கு மூணு பத்திதான். நாலாவத மிஸ் எல்லாரையும் பென்சிலால கோடு போட்டு அடிக்கச் சொல்லிட்டாங்க."

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலாவது பத்தியின் மேல், மூலையிலிருந்து மூலைக்கு, ஸ்கேல் வைத்து அடித்த கோடு. இதற்கு மட்டும் ஸ்கேல் வைத்திருக்கிறாள். எல்லாப் பிள்ளையும் அடித்திருக்கும். அந்த மேகத்துக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தார்களோ அவ்வளவுதானே அதற்குத் தெரியும். ஏறத் தெரியும், கூடத் தெரியும், விழத் தெரியும். எங்கேயிருந்து எடுத்ததோ அங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதை அதற்கு யாரும் நடத்தவில்லை.

மறுநாளே அனுசுயா மிஸ்ஸிடம் போய் நின்றேன்.

"அந்த வாரம் முடிஞ்சு போச்சே ஜோவிட்டா மம்மி. இந்த வாரம் போக்குவரத்து."

"ஒரே ஒரு பத்தி மிஸ். ஒரு தடவ வாசிச்சாப் போதும்."

"டெஸ்ட்டுக்கு வராதத நடத்தினா, போர்ஷன் முடிக்காம எதையெதையோ நடத்துறீங்கன்னு மத்த மம்மிங்க என்னத்தான் புடிப்பாங்க. நீங்களும்தான் குரூப்ல இருக்கீங்க, தெரியாதா?"

"மிஸ், பிள்ள காய்ஞ்சு போறா."

"நல்லாத்தான இருக்கா? இப்பல்லாம் அழுறதே இல்லையே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அந்த மனுஷியைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

தாளாளர் அறையில் ஏசி ஓடியது. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "திரும்பிச் சேரும்னு சொல்லுதீங்க. எங்க சேரும்?" என்றார். "தண்ணி எங்க சேரும்? கடல்ல. கடல் எங்க இருக்கு? என் அளத்துக்கு அந்தப் பக்கம். அப்போ எதத் தாண்டிப் போகும்? இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கம்மா. சீசன் முடியட்டும், நானே சன்னலத் தொறந்து விடுதேன்."

"ரெண்டு மாசத்துல என் பிள்ள என்ன ஆவா சார்?"

"ரெக்ஸன் வீட்டுக்காரம்மாதான நீங்க?" என்று கேட்டுவிட்டு மேசை மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ரெக்ஸன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "என் சோத்துல மண்ண அள்ளிப் போடவா ஸ்கூலுக்குப் போன? ஒரு பத்திக்காவ ஒருத்தி மொதலாளி ரூமுக்குப் போவாளா?"

"ஜோவி" என்று கூப்பிட்டேன். வந்தாள். "அப்பா கன்னத்துல ஒரு முத்தம் குடு."

கொடுத்தாள். அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். பாத்தியில் உப்பு தேறிவிட்டதா என்று கையில் எடுத்து உருட்டிப் பார்த்துச் சொல்கிற ஆள் அவர். கட்டை விரலால் உருட்டினார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எங்கள் பள்ளியில் அம்மாக்களை வகுப்பறைக்குள் விடுவார்கள், ஏனென்றால் பிள்ளைகள் தூக்கினால் ப்ராஜெக்ட் உடைந்துவிடும். பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு அம்மாக்கள் கப்பலும் ரயிலும் விமானமுமாக உள்ளே வந்தார்கள். மேலே மேகம் சுவருக்குச் சுவர் கறுத்து, டியூப்லைட்டை மறைத்து நின்றது. நிதர்ஷன் மம்மியின் கப்பல் அவளை விட அகலம், ஹாரன் அடித்தது. அவள் அதை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"ஜோவிட்டா மம்மி, உங்க ப்ராஜெக்ட் எங்க?"

"இவதான்" என்றேன். ஜோவியின் கையை மட்டும்தான் பிடித்திருந்தேன்.

"இவ்வளவு பெரிய பொம்மையா" என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். அனுசுயா மிஸ் கிட்டே வந்து, "சரி சரி, பிள்ளய உக்கார விடுங்க" என்று ஜோவியின் தோளில் கை வைத்துத் தள்ளினார். கையை எடுத்தார். விரல்களைப் பார்த்தார். சுடிதாரில் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

நான் போர்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். எந்த அம்மாவும் நிற்கக் கூடாத இடம் அது.

"பிள்ளைங்களா, அறிவியல் புத்தகத்த எடுங்க. நீர்ச் சுழற்சி. ரப்பர் எடுங்க. நாலாவது பத்தி மேல போட்ட கோட்ட அழிங்க."

பிள்ளைகள் யார் சொன்னாலும் கேட்பார்கள், குரல் மட்டும் சரியாக இருந்தால் போதும், என் வாயிலிருந்து அன்றைக்கு வந்தது சிஸ்டர் ஜெனவீவின் குரல். புத்தகங்கள் திறந்தன. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் மட்டும் கை தூக்கினான்.

"மிஸ், இது டெஸ்ட்டுக்கு வருமா?"

அவன் என்னைக் கேட்கவில்லை. வகுப்பு முழுக்க அனுசுயா மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தது. சுவரோரம் நின்ற அம்மாக்களும் பார்த்தார்கள். மிஸ் இன்னும் தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும்" என்றார் மிஸ். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு மார்க்."

ஒரே நேரத்தில் அத்தனை ரப்பரும் தேய்க்கிற சத்தம் எழுந்தது. நான் கையைத் தூக்கினேன், பிள்ளைகள் தூக்கினார்கள், ஆவியாதல் என்றார்கள். மடக்கினேன், மேகமாதல் என்றார்கள். விரலை உதிர்த்தேன், மழையாதல் என்று அவர்கள் கத்த, கணக்கு வகுப்புக்குக் காத்திராமல் மேகம் உடைந்தது. அம்மாக்கள் அலறினார்கள். ஒருத்தி விமானத்தை முந்தானையால் மூடினாள், ஒருத்தி ரயிலின் மேல் கவிழ்ந்து படுத்தாள், ஆயா விளக்குமாற்றோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். நான் குனிந்து தரையைத் தொட்டேன், வகுப்பே பெஞ்சை விட்டிறங்கித் தரையைத் தொட்டது. கையை நெஞ்சில் வைத்தேன். பிள்ளைகள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஈரத்தில் நின்றபடி, ஒரே ராகத்தில் வாசித்தார்கள்: விழுந்த நீர் ஓடையாகி ஓடும், ஆறாகிப் பெருகும், நிலத்துக்குள் இறங்கும், கடைசியில் தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும்.

"தள்ளாதீங்க பேச்சியம்மா" என்று அனுசுயா மிஸ் சத்தம் போட்டார்.

வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. யோசித்தது என்றுதான் சொல்வேன். பிறகு திரும்பியது. பெஞ்சுகளுக்கு அடியில், பைகளைச் சுற்றிக்கொண்டு, பென்சில் சீவல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் நின்ற ஜோவியிடம் ஓடியது. நிதர்ஷன் மம்மியின் கப்பல் மேசையிலிருந்து வழுக்கி அதில் விழுந்து, முதல் முறையாக மிதந்து, ஹாரன் அடித்துக்கொண்டே கூடப் போனது. ஜோவியின் கறுப்பு ஷூவுக்குள் தண்ணீர் ஏறியது, வெள்ளை சாக்ஸில் ஏறியது, முட்டியில் ஏறியது. வெடித்த உதடு மூடிக்கொண்டது. கன்னம் நிறைந்தது. மேலே டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது, ஒட்டடையோடு.

ஜோவி என்னைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"மம்மி, என் சாக்ஸ் நனஞ்சிட்டு" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

எந்த உப்பளத்திலும் ஒரு சொட்டு விழவில்லை. அதற்காக யாராவது நிம்மதியாக இருந்தார்களா என்றால் இல்லை. குழுவில் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் மேக வகுப்பு என்ன ஆயிற்று, வாங்கின குடையை என்ன செய்வது, ஆண்டு விழாவுக்கு மேகம் இல்லையா. சம்மதம் கேட்காமல் பி பிரிவு மேகத்தைக் காலி செய்ததற்கு நான் விளக்கம் தர வேண்டும் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னார். ரெக்ஸன் வேலைக்குப் போய்விட்டு வந்தார், முதலாளி ஒன்றும் கேட்கவில்லை என்றார், மக்ரூன் இனிப்புப் பொட்டலம் ஒன்றை ஜோவி பக்கம் தள்ளிவிட்டு, அவள் அது உடைந்திருக்கிறது என்று அழுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் கன்னத்தைத் துடைத்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பும் இருந்தது, தண்ணீரும் இருந்தது.

டைரியில் சிவப்பு மையில் வந்துவிட்டது. உங்கள் பிள்ளை வகுப்பில் அழுகிறாள், கவனிக்கவும்.

அதற்குக் கீழே இந்த வாரத்துப் பாடமும் வந்திருக்கிறது. எரிமலை. ப்ராஜெக்ட் வெள்ளிக்கிழமை. நான் செய்து தருகிறேன் என்றேன், வேண்டாம், நான்தான் செய்வேன் என்று அழுது அடம்பிடித்து, இட்லிச் சட்டியின் மேல் மண்ணைக் குழைத்து அப்பி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அடுக்களையில் அது காய்ந்துகொண்டிருக்கிறது. கிட்டே போனால் லேசாக வெதுவெதுப்பாக இருக்கிறது, அடுப்புச் சூடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பத்தியை முதலில் படித்தேன். பின்னர் எரிமலை அடங்கிக் குளிர்ந்துவிடும் என்று நல்லபடியாகத்தான் போட்டிருக்கிறது. அதன் மேல், மூலையிலிருந்து மூலைக்கு, ஸ்கேல் வைத்து அடித்த பென்சில் கோடு.

அவள் பென்சில் பாக்ஸைத் தரையில் கொட்டி ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.